2012 டிரான்ஸ்போர்ட்டர் கேம்பர் வேனுக்கு 18,500 பவுண்டு கேட்கிறார்கள்: நியாயமான விலைதானா?

ஹாரோ_குடும்பத்தான்

அனைவருக்கும் வணக்கம். நான் லண்டன் ஹாரோவில் மனைவியுடனும், ஒன்பதும் ஆறும் வயதான இரண்டு பிள்ளைகளுடனும் வசிக்கிறேன். பள்ளி விடுமுறைகளில் வேல்ஸ், லேக் டிஸ்ட்ரிக்ட், ஸ்காட்லாந்து என்று சுற்றிவருவதற்கு, உள்ளேயே தூங்கவும் சமைக்கவும் வசதியுள்ள பழைய கேம்பர் வேன் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறோம். புதிய வேன் எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது என்பதால் அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

நார்தாம்ப்டன் அருகே தனிநபர் ஒருவர் விற்கும் வேனைப் பார்த்து வைத்திருக்கிறேன். 2012இல் பதிவான ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர், டி5.1 வகை, லாங் வீல்பேஸ் (நீளம் கூடியது), 2.0 லிட்டர் டீசல், 140 குதிரைத்திறன், மேனுவல் கியர், 118,000 மைல் ஓடியது. சரக்கு வேனாகப் பிறந்து, 2019இல் கேம்பராக மாற்றப்பட்டிருக்கிறது. மேலெழும்பும் கூரை, இழுத்து விரிக்கும் பின்படுக்கை, இரண்டு பர்னர் அடுப்பு, சிறிய குளிர்பெட்டி, டீசல் ஹீட்டர் ஆகியவை உள்ளன. கேட்கும் விலை 18,500 பவுண்டு.

என் குழப்பம் இதுதான். ஏறத்தாழ இதே ஆண்டு, இதே மைல் கணக்கு என்று விளம்பரம் செய்யப்படும் வேன்களுக்கு 11,000 முதல் 22,000 வரை கேட்கிறார்கள். சாதாரணக் காருக்கு இணையத்தில் பதிவெண்ணைக் கொடுத்தால் ஒரு மதிப்பீடு கிடைக்கிறது. இவற்றுக்கு அப்படி எதுவும் கிடைப்பதில்லை. எதை அளவுகோலாக வைத்து விலையை நிர்ணயிப்பது? எங்கள் இரண்டாவது காரை விற்றுவிட்டு, பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும் இதே வேனைப் பயன்படுத்தலாமா என்றும் யோசிக்கிறோம். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_மெக்கானிக்

வணக்கம் தம்பி. விளம்பரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கு விடை கிடைக்காது. கேம்பர் வேன் என்று விற்கப்படுவது ஒரு வாகனமும், அதற்குள் ஒருவர் செய்த தச்சு வேலையும். இரண்டையும் பிரித்து விலை போடுங்கள்.

முதலில், மாற்றம் எதுவும் செய்யப்படாத அதே ஆண்டு, அதே நீளம், அதே இன்ஜின் கொண்ட சரக்கு வேன் இன்று எவ்வளவுக்குப் போகிறது என்று பாருங்கள். இதைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை: வணிக வேன்களின் விளம்பரங்களில் பெரும்பாலும் வாட் வரி சேர்க்காத விலையைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள், 20 சதவீதம் அதற்கு மேல் வரும். தனிநபரிடம் வாங்கும் வேனோடு ஒப்பிடும்போது வரி சேர்த்த தொகையையே எடுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் உங்கள் அடித்தளம்.

அதற்கு மேல் மாற்ற வேலைகளின் மதிப்பைச் சேருங்கள். இங்கேதான் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே வழக்கு வரும். விற்பவர் 2019இல் செலவழித்த தொகையைக் கூட்டிச் சொல்வார். ஆனால் மாற்ற வேலையில் கூலிக்குப் போன பணம் திரும்பி வருவதில்லை. அவருடைய ரசனைக்கேற்ப ஒட்டிய பலகைக்கும் துணிக்கும் சந்தையில் பெரிய மதிப்பு கிடையாது. மதிப்பைத் தாங்கி நிற்பவை சில மட்டுமே: முறையாகப் பொருத்திய கூரை, சோதிக்கப்பட்ட இருக்கைப் படுக்கை, நல்ல நிறுவனத்தின் ஹீட்டர், ஒழுங்கான மின்னமைப்பு. மேலெழும்பும் கூரையைப் புதிதாகப் பொருத்த இன்று 3,000 பவுண்டுக்கு மேல் ஆகும் என்பதால், நல்ல நிலையிலுள்ள கூரைக்கு அதில் ஒரு கணிசமான பங்கைத் தயங்காமல் கொடுக்கலாம். மற்றவற்றுக்கு ரசீது இருந்தால் விலை உண்டு. இல்லாவிட்டால் அது சும்மா வருகிறது என்றே கணக்கிடுங்கள். கடுமையாகத் தோன்றினாலும், நிரூபிக்க முடியாத எதற்கும் நான் பணம் கொடுக்க மாட்டேன்.

மூன்றாவதாக, வாங்கிய ஓராண்டுக்குள் நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டிய பழுதுகளின் செலவைக் கழிக்க வேண்டும். இதற்குத்தான் நேரில் பார்ப்பது.

போவதற்கு முன்பே அரசின் இணையதளத்தில் பதிவெண்ணைக் கொடுத்து எம்ஓடி (ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனை) வரலாற்றைப் படியுங்கள், அது இலவசம். தேர்ச்சியா தோல்வியா என்பதைவிட, ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் எச்சரிக்கைக் குறிப்புகள் முக்கியம். மூன்று ஆண்டுகளாக ஒரே இடத்தில் 'துரு' என்று எழுதியிருந்து, நான்காம் ஆண்டில் அந்தக் குறிப்பு மறைந்திருந்தால், ஒன்று அதை வெட்டி ஒட்டிச் சரிசெய்திருக்க வேண்டும், அல்லது கறுப்புப் பூச்சால் மூடியிருக்க வேண்டும். எது என்று கேளுங்கள். மைல் கணக்கு ஒழுங்காக ஏறுகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

இன்ஜினைப் பொறுத்தவரை உங்களுக்கு நல்ல செய்தி. இந்தத் தலைமுறையில் பெயர் கெட்டது 180 குதிரைத்திறன் கொண்ட இரட்டை டர்போ இன்ஜின்தான். அதில், வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து மீண்டும் இன்ஜினுக்கே அனுப்பும் ஈஜிஆர் குளிர்விப்பான் உட்புறம் அரித்து, அதன் துகள்கள் இன்ஜினுக்குள் சென்று சிலிண்டர்களைத் தேய்த்து, கடைசியில் இன்ஜின் எண்ணெய் குடிக்கத் தொடங்கும். நீங்கள் பார்க்கும் 140இல் ஒற்றை டர்போதான், அந்த அளவுக்கு அபாயம் இல்லை. இருந்தாலும் டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் மாற்றியதற்கு ரசீது கேளுங்கள். மைல் மட்டுமல்ல, ஆண்டுகளும் அந்தப் பெல்ட்டைக் கெடுக்கும். 'மாற்றியாயிற்று' என்று வாயால் சொன்னால், மாற்றவில்லை என்று வைத்துச் செலவைக் கழியுங்கள். கிளட்சை ஒட்டிச் சுழலும் கனமான சக்கரமான இரட்டை நிறை ஃப்ளைவீல் தேய்ந்திருந்தால் இன்ஜினை அணைக்கும்போது கடகடவென்று ஒலிக்கும். கிளட்சோடு சேர்த்து மாற்றும் செலவு சிறியதல்ல. சக்கரத்தைச் சுழற்றும் தண்டான வலப்பக்கத்து டிரைவ் ஷாஃப்டின் பல்வரிசை, கிரீஸ் காய்ந்து தேய்வதும் இந்த வேன்களில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது. முதல் கியரில் மெல்ல நகர்ந்து ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு அழுத்தும்போது 'டக்' என்று அடித்தால் கவனியுங்கள்.

நீங்கள் போய்ச் சேரும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சொல்லியும் பானெட் சூடாக இருந்தால், குளிர்நிலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிக்கல் என்று சந்தேகிக்க இடமுண்டு. சோதனை ஓட்டத்தில் ஒரு பகுதியாவது மோட்டார்வேயில் இருக்கட்டும். புகைவடிகட்டியை எடுத்துவிட்டு ஓட்டும் வேன்களும் சந்தையில் உள்ளன. 2014 பிப்ரவரி முதல், பொருத்தப்பட்டிருந்த வடிகட்டி இல்லாவிட்டால் எம்ஓடியில் தேர்ச்சி கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

துருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேம்பராக மாற்றிய வேன்களில் தொழிற்சாலை விடாத துருவும் சேர்ந்துகொள்ளும். சரக்கு வேனின் பக்கத் தகட்டை அறுத்துத்தான் சன்னல் வைப்பார்கள். அறுத்த விளிம்புக்கு முறையாகப் பிரைமர் அடிக்காமல் கண்ணாடியை ஒட்டிவிட்டால், ஐந்தாறு குளிர்காலங்களில் ரப்பருக்கு அடியில் பழுப்பு நிறம் தலைகாட்டும். உட்புற அலங்காரப் பலகை ஒன்றைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நன்றாகச் செய்தவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். உள்ளே கண்ணாடி இழைப் பஞ்சு திணித்து, நீராவித் தடுப்பு இல்லாமல் விட்டிருந்தால், நாலு பேர் உள்ளே தூங்கும்போது விடும் மூச்சின் ஈரமெல்லாம் அதில்தான் தங்கும். பிறகு முன்சக்கர வளைவுகள், கதவுகளுக்குக் கீழுள்ள பக்கவாட்டுத் தகடுகள், முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு ஆகியவற்றைப் பாருங்கள். விற்பனைக்குச் சற்றுமுன் வண்டியின் அடிப்பாகத்தில் அடித்த புதிய பூச்சு எனக்கு ஒருபோதும் மகிழ்ச்சி தருவதில்லை.

குரோய்டன்_வாசி

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் ஹாரோவில் இருப்பவருக்கு இந்த வேன் யூரோ 5 (புகை மாசு அளவுக்கான பழைய தரம்) என்பதை யாரும் சொல்லவில்லையே. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லாப் பகுதிகளும் யூலெஸ் என்ற, மாசு கூடிய வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் வளையத்துக்குள் வந்துவிட்டன. டீசல் வண்டி யூரோ 6 இல்லாவிட்டால், கிறிஸ்துமஸ் நாளைத் தவிர ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. வீட்டு வாசலில் நிற்கும் நாளுக்குக் கட்டணம் இல்லை.

எனவே காரை விற்றுவிட்டுப் பள்ளிக்கு இதையே ஓட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பள்ளி நாட்கள் ஆண்டுக்கு 190 என்றால் அதற்கு மட்டும் 2,375 பவுண்டு. பயணங்களுக்கு மட்டும் எடுத்தால் கணக்கே வேறு: வளையத்தைவிட்டு வெளியேறும் நாள், திரும்பும் நாள் என்று பயணத்துக்கு 25 பவுண்டு. மாதம் ஒருமுறை போனாலும் ஆண்டுக்கு 300. இதைவிட்டு யூரோ 6 வேனுக்குப் போனால், கூடுதலாகக் கொடுக்கும் சில ஆயிரங்களை மீட்கப் பல ஆண்டுகள் ஆகும். பலர் யூலெஸ் என்ற பெயரைக் கேட்டவுடனே இந்தக் கணக்கைப் போடாமல் ஓடிவிடுகிறார்கள்.

யூலெஸைக் காட்டி நார்தாம்ப்டன்காரரிடம் விலையைக் குறைக்கவும் முயலாதீர்கள். அவருக்கு அது குறையே அல்ல. அவரிடம் வாங்க வரும் பத்தில் எட்டுப் பேருக்கும் அது பொருட்டல்ல. அது உங்கள் முகவரியின் செலவு. நாளை நீங்கள் விற்கும்போதும் லண்டனுக்கு வெளியே உள்ளவருக்கே விற்பீர்கள் என்பதால், வாங்கும் விலையையும் லண்டனுக்கு வெளியே உள்ள விலையோடு ஒப்பிடுவதே முறை.

அடுத்த தலைமுறையான டி6 என்று போட்டிருந்தால் யூரோ 6தான் என்று நம்ப வேண்டாம். இந்த எடைப் பிரிவு வேன்களுக்கு யூரோ 6 கட்டாயமானது 2016 செப்டம்பரில். அதற்கு முந்தைய டி6களில் யூரோ 5 இன்ஜினும் உண்டு. லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல்லின் தளத்தில் பதிவெண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஸ்காட்லாந்து போவதாகச் சொன்னீர்கள்: கிளாஸ்கோ நகர மையத்தில் யூரோ 6 அல்லாத டீசல் வண்டிக்குக் கட்டணம் செலுத்திவிட்டு நுழையும் வழியே கிடையாது, நுழைந்தால் 60 பவுண்டு அபராதம்தான். எம்8 மோட்டார்வே அந்த எல்லைக்குள் வராது, அதில் கவலையின்றிப் போகலாம்.

தினமும் ஓட்டியே தீர வேண்டும் என்றால், ஜப்பானிலிருந்து இறக்குமதியான பெட்ரோல் டொயோட்டா அல்ஃபார்டை மாற்றி விற்கிறார்கள், அதையும் ஒருமுறை பாருங்கள். பெட்ரோலுக்கு யூரோ 4 போதும் என்பதால் பல வண்டிகள் தேறிவிடுகின்றன. ஓட்டுவதற்குக் காரைப் போலிருக்கும். உள்ளே இடமும் காரைவிடச் சற்றுத்தான் அதிகம்.

லெஸ்டர்_அக்கா

ஹாரோ சகோதரருக்கு வணக்கம். நான் வண்டியின் வயிற்றுக்குள் போக மாட்டேன். அதை மெக்கானிக் அண்ணா பார்த்துக்கொள்வார். காகிதங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வி5சி பதிவுப் புத்தகத்தில் உடல்வகை என்ன என்று பாருங்கள். 'மோட்டார் கேரவன்' என்று இருக்கிறதா, 'சன்னல்கள் உள்ள வேன்' என்று இருக்கிறதா? 2019இல் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏ, 'மோட்டார் கேரவன்' என்று பதிவதற்கான நிபந்தனைகளை இறுக்கியது. உள்ளே படுக்கை, மேசை, அடுப்பு, அலமாரி எல்லாம் இருந்தாலும், வெளியே இருந்து பார்க்கும்போதும் கேம்பராகத் தெரிய வேண்டும் என்றார்கள். நிலையான உயர்கூரை அதற்கான அடையாளங்களில் ஒன்றாகக் கணக்கில் வரும். மேலெழும்பும் கூரை வராது. அதனால் நல்ல முறையில் மாற்றப்பட்ட எத்தனையோ வேன்கள் இன்றும் புத்தகத்தில் வேனாகவே இருக்கின்றன. அது விற்பவரின் குற்றமல்ல. ஆனால் 'மோட்டார் கேரவனாகப் பதிவானது' என்று விளம்பரத்தில் எழுதி, புத்தகத்தில் அப்படி இல்லாவிட்டால், மற்ற வாக்குறுதிகளையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்குவதற்கு முன்பே பதிவெண்ணைக் கொடுத்து, மாற்றங்களையெல்லாம் சொல்லி விலை கேளுங்கள். சில நிறுவனங்கள் புத்தகத்தில் வேன் என்றிருந்தாலும் புகைப்படங்களைப் பெற்றுக்கொண்டு கேம்பர் காப்பீடு தருகின்றன, சில தருவதில்லை. லண்டன் அஞ்சல் குறியீட்டில் டிரான்ஸ்போர்ட்டருக்குத் திருட்டு பயமும் சேர்ந்துகொள்வதால், இந்தத் தொகையே உங்கள் முடிவை மாற்றக்கூடும்.

பிள்ளைகள் இருப்பதால் பின்னிருக்கை பற்றி அழுத்திச் சொல்கிறேன். இது சரக்கு வேனாகப் பிறந்தது என்கிறீர்கள். அப்படியானால் பின்னிருக்கையும் அதன் பெல்ட்டும் பிறகு வைத்தவை. இருக்கைப் படுக்கை, பயணிகள் வண்டிகளுக்கான எம்1 இழுவிசைச் சோதனையில் தேறிய வகையா, அது வேனின் தரையில் எந்தத் தகட்டோடு எப்படி முடுக்கப்பட்டிருக்கிறது, யார் பொருத்தியது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். ஒட்டுப்பலகைத் தரையில் மட்டும் போல்ட் போட்ட இருக்கைகளும் சந்தையில் இருக்கின்றன. இந்த ஒரு காகிதம் இல்லாவிட்டால் விலை பேசவே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள் என்பது என் கருத்து.

எரிவாயுப் பெட்டி உட்புறத்திலிருந்து காற்றுப் புகாதபடி மூடப்பட்டு, அதன் அடியில் வெளியே திறக்கும் துவாரம் இருக்க வேண்டும்; கசியும் வாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் இறங்கும். இத்தகைய வாகனங்களுக்குத் தகுதி பெற்ற, கேஸ் சேஃப் என்ற எரிவாயுப் பணிப் பதிவேட்டில் உள்ள பொறியாளரின் சான்றிதழ் கேளுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை நீங்களே வாங்கி மாட்டிக்கொள்ளலாம், அதற்காக யாரிடமும் பேரம் பேச வேண்டியதில்லை.

கடன் பாக்கி, விபத்து வரலாறு ஆகியவற்றுக்குக் கட்டணம் செலுத்தி முழு அறிக்கை எடுத்துவிடுங்கள். விபத்தில் சிக்கிக் காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட வண்டிகளுக்குத் தரும் வகைப்பாட்டில், 2017 அக்டோபரிலிருந்து கேட் எஸ் என்றால் கட்டமைப்பு சேதமடைந்தது, கேட் என் என்றால் கட்டமைப்பைத் தொடாத சேதம். அதற்கு முன்பு கேட் சி, கேட் டி என்றிருந்தன. தனிநபரிடம் வாங்குவதால், டீலரிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி கிடைக்கும் முப்பது நாள் திருப்பிக்கொடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இருக்க வேண்டும் என்ற உரிமை மட்டுமே உண்டு. ஆகவே அந்த விளம்பரம் மறைவதற்கு முன் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போல்டன்_தமிழன்

நால்வர் என்றால் மோட்டார்ஹோம் வகையையும் பார்க்கலாமே? இதே பணத்துக்குக் கழிவறையோடு கிடைக்கும். ஃபியட் டுக்காட்டோவின் மேல் பெட்டி கட்டியவை நிறைய இருக்கின்றன. ஒரே எச்சரிக்கை, ஈரம். மரச்சட்டத்தின் மேல் கட்டிய சுவர் என்பதால், நீர் புகுந்தால் உள்ளே மக்கிவிடும், வெளியே தெரியாது. ஈரமானியோடு போய் சன்னல் மூலைகள், ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள படுக்கையின் மூலைகள், பின்புறக் கீழ்மூலைகள் ஆகியவற்றைச் சோதியுங்கள். 15 சதவீதம் வரை நிம்மதி. 20ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். 30 என்றால் அந்த வண்டி எனக்கு வேண்டாம்.

ஹாரோ_குடும்பத்தான்

அண்ணா, அக்கா, மற்ற நண்பர்கள் அனைவருக்கும் நன்றி. போல்டன் நண்பரே, எங்கள் தெருவில் மோட்டார்ஹோமை நிறுத்த இடமில்லை. பள்ளிக்கு ஓட்டும் எண்ணத்தைக் கைவிட்டோம். பழைய கார் இருக்கட்டும்.

சனிக்கிழமை நார்தாம்ப்டன் சென்று பார்த்துவந்தேன். விற்பவர் நல்ல மனிதர், கேட்டதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் விடை சொன்னார். இன்ஜின் குளிர்ந்திருந்தது, முதல் முயற்சியிலேயே இயங்கியது. புத்தகத்தில் 'சன்னல்கள் உள்ள வேன்' என்றே இருக்கிறது. விளம்பரத்திலும் அவர் வேறுவிதமாகச் சொல்லவில்லை. பின்னிருக்கை எம்1 சோதனையில் தேறிய வகை என்பதற்குத் தயாரிப்பாளரின் சான்றும், அதைப் பொருத்திய பட்டறையின் ரசீதும் இருக்கின்றன. கூரை பொருத்தியதற்கும் ரசீது இருக்கிறது. மின்சார வேலைக்கும் மரவேலைக்கும் இல்லை, அவற்றை அவரே செய்தாராம்.

குறைகள் இவை. டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. டயர்களின் பக்கச்சுவரிலுள்ள குறியீடு 3116 என்ற நான்கு இலக்கங்களில் முடிகிறது. 2016ஆம் ஆண்டின் 31ஆம் வாரம் என்று புரிந்துகொண்டேன். தடிமன் நிறைய இருக்கிறது, ஆனால் பக்கங்களில் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. கூரைத் துணியின் ஒரு மூலையில் கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகள். இடப்பக்கச் சன்னல் ரப்பருக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குத் துரு தெரிகிறது. எரிவாயுச் சான்றிதழ் 2019க்குப் பிறகு எடுக்கப்படவில்லை. அண்ணா சொன்ன 'டக்' ஒலி எனக்குக் கேட்கவில்லை.

அதே ஆண்டின் லாங் வீல்பேஸ் சரக்கு வேன்களில் வரி சேர்த்து 8,000 முதல் 10,000 வரை உள்ளவற்றைக் கண்டேன். இதை வைத்து எவ்வளவு கேட்பது?

பழைய_மெக்கானிக்

பார்த்துவந்த விதம் நன்றாக இருக்கிறது தம்பி. அடித்தளத்துக்கு 9,000 என்று நடுவில் வையுங்கள். கூரைக்கும் இருக்கைக்கும் காகிதம் இருப்பதால் இரண்டுக்கும் சேர்த்து 4,500 கொடுக்கலாம். ஹீட்டர், சன்னல்கள், சமையல் பகுதி எல்லாவற்றுக்குமாக 2,500. மொத்தம் 16,000 வருகிறது.

கழிவுகள்: பெல்ட், பம்ப் வேலைக்கு உங்கள் பகுதி கராஜ் ஒன்றில் விலை கேளுங்கள், 600 அளவில் சொல்லக்கூடும். நான்கு டயருக்கு 450. வேனுக்குரிய சுமைக்குறியீடு உள்ள டயராக இருக்க வேண்டும், காருக்கானதை மலிவாகக் கிடைக்கிறதென்று போடக்கூடாது. சன்னல் கண்ணாடியைக் கழற்றித் துருவைச் சுரண்டி மறுபடி ஒட்ட 350 வைக்கலாம். பூஞ்சைக்கு ஒன்றும் கழிக்க வேண்டாம். துடைத்துப் பார்க்கலாம், நனைந்த கூரையை மூடிவைத்ததால் வந்திருக்கும். ஆக 14,600.

இந்தக் கணக்கை அப்படியே அவருக்கு எழுதி அனுப்புங்கள். 'கடைசி விலை என்ன' என்று கேட்பதைவிட, எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் காட்டினால் விற்பவரும் யோசிப்பார், அவமதிப்பாகவும் தோன்றாது. மின்சார வேலையை அவரே செய்தார் என்பதால், 230 வோல்ட் இணைப்பையும் வேனின் உள்வசதிகளுக்கான லெஷர் பேட்டரியின் ஃப்யூஸ்களையும் தகுதியுள்ள ஒருவர் பார்க்க வேண்டும். அதை அவர் செலவில் கேளுங்கள். 15,500 வரை போனால் நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு மேல் போனால் விட்டுவிட்டு அக்டோபர், நவம்பர் வரை பொறுங்கள். வசந்த காலத்தில் எல்லோருக்கும் கேம்பர் ஆசை வரும், குளிர்காலத்தில் நிறுத்த இடமில்லாதவர்கள் விற்க முன்வருவார்கள்.

இன்னொன்று, கதவுச் சட்டத்திலோ இருக்கைக்கு அடியிலோ உள்ள எடைத்தகட்டைப் பார்த்தீர்களா? டி28 என்றால் மொத்த அனுமதி எடை 2,800 கிலோ, டி30 என்றால் 3,000. கூரை, மரவேலை, பேட்டரி எல்லாம் ஏறிய பிறகு நான்கு பேருக்கும் அவர்களுடைய மூட்டைக்கும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை எடைமேடையில் ஏற்றினால்தான் தெரியும்.

ஹாரோ_குடும்பத்தான்

அண்ணா, தகட்டில் 3,000 என்றிருக்கிறது. அவரையே எடைமேடைக்கு ஓட்டிச் செல்லக் கேட்டேன், சென்றார்: டீசல் தொட்டி நிறைந்த நிலையில், அவரும் உள்ளே இருக்க, 2,410 கிலோ. எங்களுக்குப் போதும்.

கணக்கை எழுதி அனுப்பினேன். சன்னல் துருவை அவர் ஏற்றுக்கொண்டார், டயர்களையும் ஏற்றுக்கொண்டார். 'சமையல் பகுதி உட்பட எல்லாவற்றுக்கும் 2,500 என்பது மிகவும் குறைவு, பலகைக்கு மட்டுமே அவ்வளவு ஆயிற்று' என்று வருந்தினார். கடைசியில் 15,250க்கு ஒப்புக்கொண்டோம். எரிவாயுச் சோதனையையும் மின்சோதனையையும் அவர் செலவில் செய்து சான்றிதழ்களோடு தருவதாக மின்னஞ்சலில் எழுதியிருக்கிறார். அடுத்த வாரம் எடுத்துவரப் போகிறேன். அன்றைக்குக் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

லெஸ்டர்_அக்கா

மகிழ்ச்சி. பணம் அனுப்புவதற்கு முன், வண்டியின் அடையாள எண் வி5சியிலும் முன்கண்ணாடிக்குக் கீழும் எடைத்தகட்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வி5சியில் உள்ள முகவரியிலேயே வண்டியைப் பெற்றுக்கொள்ளுங்கள். பதிவுப் புத்தகம் உரிமைச் சான்று அல்ல என்பதை அந்தப் புத்தகமே சொல்கிறது, அதனால் இருவரும் கையெழுத்திட்ட விற்பனை ரசீது தனியாக வேண்டும். அதில் சான்றிதழ்கள், சாவிகள், கூரை ரசீது எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். வங்கிவழி அனுப்புவதென்றால் முதலில் சிறு தொகையை அனுப்பி, அவருக்குச் சேர்ந்ததை உறுதிசெய்த பிறகு மீதியை அனுப்புவது நல்லது.

உரிமை மாற்றத்தை அவர் உங்கள் எதிரிலேயே இணையத்தில் டிவிஎல்ஏவுக்குத் தெரிவிக்கட்டும். பச்சை நிறத் துண்டு உங்களுக்குரியது. பழைய உரிமையாளரின் சாலை வரி உங்களுக்கு மாறாது என்பதால், அந்தத் துண்டிலுள்ள எண்ணைக் கொண்டு அங்கேயே நீங்கள் வரி கட்ட வேண்டும். அதற்கு முன்பே காப்பீடு தொடங்கியிருக்க வேண்டும். வீடு திரும்பும் அன்றைக்கே யூலெஸ் கட்டணமும் விழும். அதைச் செலுத்தப் பயண நாளுக்குப் பின் மூன்றாம் நாள் நள்ளிரவு வரை நேரம் உண்டு. தவறினால் 180 பவுண்டு அபராதம், பதினான்கு நாளுக்குள் கட்டினால் அதில் பாதி. தானாகச் செலுத்தும் கணக்கில் புதிய பதிவெண்ணை முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.